வத்தல் துணிக்கு நாலு ஹெட்

“எந்த ஹெட் நல்லது டீச்சர்?” என்று கேட்டார் சுயம்புலிங்கம்.

பிரிஸ்கா மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து அரிசி வத்தல் பிழிந்துகொண்டிருந்தாள். அச்சை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். நிமிரவில்லை.

கேள்வி புதிதில்லை. போன சனிக்கிழமையும் கேட்டார். அதற்கு முந்தின சனிக்கிழமையும் கேட்டார்.

ஹெட் என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கேமரா வைக்கிற முக்காலி ஸ்டாண்டுக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு கழுத்து இருக்கிறது. கேமராவைத் திருப்புவது, குனிய வைப்பது, நிமிர்த்துவது, அசையாமல் பிடித்துக்கொள்வது எல்லாம் அதன் வேலை. கழுத்துக்குப் போய் ஹெட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர்களைப் பிடித்துக் கேட்கவா முடியும்.

சுயம்புலிங்கத்திடம் மூன்று இருந்தன. மூன்றையும் ஒரு பையில் போட்டு, நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி வரைக்கும் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

முதலாவது, ஸ்டாண்டோடு சேர்ந்து வந்தது. நீளமாக ஒரு கைப்பிடி. கல்யாண வீட்டில் வீடியோ எடுக்கிறவர்கள் வைத்திருப்பது போலவே இருக்கும். அதனால் அது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

இரண்டாவது, உருண்டை வைத்தது. திருகைத் தளர்த்தினால் கேமரா எல்லாப் பக்கமும் ஆடும். இறுக்கினால் நிற்கும். நின்ற பிறகு ஒரு நூல் அளவு தொங்கும். அந்த ஒரு நூலில் அவருக்குத் தூக்கம் போயிற்று.

மூன்றாவது, பற்சக்கரம் வைத்தது. துல்லியம் என்றால் அப்படியொரு துல்லியம். அவர் சக்கரங்களைச் சுற்றிச் சுற்றி மலையை நேராக்கி முடிப்பதற்குள் சூரியன் உச்சிக்கு வந்துவிடும்.

ஆக, படம் ஒன்றும் இல்லை. புகார் மட்டும் மூன்று.

புகார்களை அவர் வரிசையாகச் சொன்னார். பிரிஸ்கா வரிசையாக வத்தல் பிழிந்தாள்.

*

சுயம்புலிங்கம் மின்வாரியத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிஸ்கா அவரைவிட ரொம்ப இளையவள். மலையையும் குளத்தையும் வயலையும் மட்டும் படம் எடுப்பாள். மனிதர்களை எடுக்கச் சொன்னால், அவர்கள் அசைவார்கள் என்பாள்.

அவளிடம் கற்றுக்கொள்ளச் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் வருவார்கள். படத்தைக் காகிதத்தில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டும். கேமராவின் முதுகில் மினுங்கும் திரையில் காட்டினால் பார்க்க மாட்டாள். பிரிண்டுகளைச் சீட்டுக்கட்டு போலத் தள்ளிக்கொண்டே போவாள். நல்ல படம் வந்தால் விரல் நிற்கும். மற்றபடி ஒரு வார்த்தை வராது.

சுயம்புலிங்கத்தின் படத்தில் அந்த விரல் நின்றதே இல்லை. இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

அவர் ஆபீஸில் இருந்த காலத்தில் கரண்டு போனால் ஊரே அவரைத் தேடும். திட்டுவதற்குத்தான் தேடும். ஆனாலும் தேடும். இப்போது வீட்டில் பேப்பர் படிக்க உட்கார்ந்தால், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், பெருக்க வேண்டும் என்கிறார்கள். சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம். அதற்கு வெள்ளிக்கிழமையே சட்டையைத் தேய்த்து வைப்பார்.

அந்தச் சனிக்கிழமைக்கும் கெடு வந்திருந்தது.

ஊருக்கு வெளியே ஒரு குளம். காற்று எழும்புவதற்கு முன், விடிந்தும் விடியாத நேரத்தில், தாடகை மலை அந்தத் தண்ணீரில் அப்படியே தலைகீழாகக் கிடக்கும். ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது போன்ற மலை. நெற்றி, மூக்கு, முகவாய் எல்லாம் தெரியும். ஆனால் குளம் தாமரைக் குளம். கரையோரத்தில் தொடங்கிய இலை நாளுக்கு நாள் நடுவே நகர்கிறது. மூடிவிட்டால் தண்ணீர் தெரியாது. தண்ணீர் தெரியாவிட்டால் மலையும் கிடையாது.

இலை மூடுவதற்குள் அந்த இடத்தில் உருப்படியாக ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் இனிமேல் சனிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள் பிரிஸ்கா. கோபமாகச் சொல்லவில்லை. நாளை முதல் பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

*

காற்று வந்தது.

அந்த ஊரில் காற்றுக்கு நேரம் காலம் கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புறப்பட்டால் வழியில் எங்கும் நிற்காமல் பிரிஸ்கா வீட்டு மாடிக்கு வந்துவிடும். வேட்டியின் ஒரு மூலை எழும்பி, பிழிந்த வத்தல் மேலேயே விழுந்தது.

“அதை இங்கே வைங்க அண்ணாச்சி.”

அவர் கையிலிருந்த பற்சக்கர ஹெட்டை அந்த மூலையில் வைத்தார்.

அடுத்த மூலை எழும்பியது. பிரிஸ்கா பார்த்தாள். அவர் உருண்டை ஹெட்டை வைத்தார்.

மூன்றாவது மூலைக்குக் கைப்பிடி ஹெட் போயிற்று.

நாலாவது மூலை படபடவென்று அடித்துக்கொண்டது.

பிரிஸ்கா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

“இன்னும் ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்” என்றாள்.

பக்கத்திலேயே ஒரு செங்கல் கிடந்தது. அவர் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

*

நாலாவதை வாங்கிவிட்டார்.

வீட்டில் ஸ்டாண்டும் பெட்டியுமாக அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தங்கபுஷ்பம் என்னென்னவோ சொன்னாள். அவர் மனைவி. அவளுக்குச் சொல்ல உரிமை உண்டு, விஷயமும் உண்டு. ஒரு சட்டிக்கு நாலு மூடி வாங்கினால் மீன்குழம்பு ருசித்துவிடுமா என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுப்பில் வேலை இருந்தது.

இது பறவை எடுக்கிறவர்கள் வாங்கும் ஹெட். ஊஞ்சல் மாதிரி இருக்கும். பெரிய லென்ஸை அதில் தொங்கவிட்டால் ஒரு விரலால் தள்ளலாம். பறக்கிற கொக்கின் பின்னாலேயே போகலாம். தாடகை மலை பறக்கப் போவதில்லை என்பது அவர் யோசனையில் வரவில்லை. டீச்சர் இன்னும் ஒன்று என்றார்கள். இல்லாத வகை இது ஒன்றுதான். கணக்கு நேராக வந்தது.

என்ஜினியர்களுக்குக் கணக்கு நேராக வந்துவிட்டால் போதும்.

மறுபடி பூதப்பாண்டி. மறுபடி மாடி. வத்தல் பாதி காய்ந்திருந்தது. மூன்று ஹெட்டும் மூன்று மூலையில் வெயில் காய்ந்தன. நாலாவது மூலையில் அந்தச் செங்கல்.

பெட்டியைப் பிரித்து ஊஞ்சல் ஹெட்டை நீட்டினார். பிரிஸ்கா இரண்டு கையாலும் வாங்கினாள். நல்ல கனம். தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். செங்கலை எடுத்துவிட்டு அதை அங்கே வைத்தாள்.

கொஞ்ச நேரம் இருவரும் காற்றுக்காகக் காத்திருந்தார்கள். காற்று வந்தது. வேட்டி அசையவில்லை.

“இப்பதான் சரி” என்றாள்.

அவருக்கு முகம் மாறியது. செங்கலைப் பார்த்தார். ஹெட்டைப் பார்த்தார். மறுபடி செங்கலைப் பார்த்தார். அவமானம் காதுவரை ஏறியது; ஆனால் அவர் பண்பானவர். இவற்றை எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் கேட்டார்.

வத்தல் காய்ந்த பிறகு என்றாள்.

தாமரை வளர்கிறது, நாள் இல்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். வத்தலும் காத்திருக்காது, பூசணம் பூத்துப் போய்விடும் என்று அவள் சொன்னாள். இரண்டும் உண்மை. யாருடைய மாடியோ அவர்களுடைய உண்மைதான் ஜெயிக்கும்.

அவர் படியிறங்கப் போனார்.

“ஸ்டாண்டு இருக்குல்லா அண்ணாச்சி?”

“இருக்கு.”

“கேமரா?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன. கை ரெண்டும் இருக்கே” என்று சொல்லிவிட்டு அவள் வத்தலைத் திருப்பிப் போட உட்கார்ந்தாள்.

*

ஹெட் இல்லாத ஸ்டாண்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மேலே ஒரு தட்டு, நடுவில் ஒரு தடித்த ஆணி. கேமராவின் அடித்துளை சிறியது. அந்த ஆணி அதில் ஏறாது.

மறுநாள் விடியுமுன் குளக்கரையில் சுயம்புலிங்கம் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை நாலாக மடித்து அந்த ஆணிமேல் வைத்தார். அதன்மேல் கேமராவை வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்க முடியாது. எடுத்தால் கேமரா குளத்துக்குள். ஆகவே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் நாள் அவர் படம் எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டிருந்தார். அதற்கே விடிந்துவிட்டது.

அடுத்த நாள் கோபம் குறைந்து கண் தெரிந்தது. தெரிந்ததையெல்லாம் கை துரத்தியது. மலைக்குப் போனது. மலையிலிருந்து கொக்குக்குப் போனது. கொக்கிலிருந்து கரையில் நின்ற ஒற்றைப் பனைக்கு. பனையிலிருந்து ரோட்டில் போன பஸ்ஸுக்கு. பஸ்ஸில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. காற்று எழும்பித் தண்ணீர் கலங்கியபோது அவரிடம் நிறையப் படம் இருந்தது. உருப்படியாக ஒன்றும் இல்லை.

இதற்கு முன்னும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அப்போது பழியைப் போட ஹெட் இருந்தது. நூல் அளவு தொங்குகிறது என்று சொல்லலாம். சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது என்று சொல்லலாம். இப்போது தொங்கினால் அவர்தான் தொங்குகிறார்.

தாமரைப் பூ பறிக்கிறவர் ஒருவர் லாரி டியூப்பில் மிதந்து வந்தார். குளத்தை அளக்கிறீர்களா, ஆபீஸிலிருந்து வருகிறீர்களா என்று விசாரித்தார். இல்லை, படம் என்றார் சுயம்புலிங்கம். படம் எடுக்கிறவர்கள் வழக்கமாக ஸ்டாண்டை விட்டுவிட்டுத் தள்ளி நிற்பார்கள், நீங்கள் ஏன் விழப்போகிற பிள்ளையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி.

நடுவில் மழை பெய்தது.

சுயம்புலிங்கம் பதறிப் போய் பிரிஸ்காவுக்குப் போன் போட்டார். மழை பெய்கிறதே, மாடியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டீர்களா என்று கேட்டார். வைத்துவிட்டேன், ஒன்றும் நனையவில்லை என்றாள். அவருக்கு உயிர் வந்தது. ஒரு வத்தல்கூட நனையவில்லை என்று அவள் மறுபடி சொன்னபோது அந்த உயிர் கொஞ்சம் திரும்பிப் போயிற்று.

மழைக்குப் பிறகு இலை ஓடி வந்தது. முன்பு கல்யாணப் பந்தல் அளவுக்குத் தண்ணீர் திறந்து கிடந்தது. இப்போது தேர் நிற்கிற இடம் அளவு.

*

கையை அசைத்தால் தோள் வலிக்கிறது. வலிக்கிற தோள் சும்மா அசையாது.

அதனால் அவர் கேமராவை வைப்பதற்கு முன்னால் வெறும் கண்ணால் பார்க்கத் தொடங்கினார். வண்டி நிறுத்திய இடத்திலேயே ஸ்டாண்டை விரிப்பதை விட்டார். கரையில் நடந்தார். குனிந்தார். உட்கார்ந்து பார்த்தார். எங்கே போதும் என்று தோன்றியதோ அங்கே ஸ்டாண்டின் காலைச் சுருக்கி வைத்தார். முழங்கால் பிடித்துக்கொண்டது. பிடிக்கட்டும்.

கேமராவை வைத்தார். மேலே பாதி மலை, கீழே பாதி மலை, நடுவே கரை ஒரு கோடு. அந்தக் குளத்தில் எல்லோரும் எடுப்பது அப்படித்தான். காலண்டரிலும் அப்படித்தான் வரும்.

அப்படி வைத்ததும் ஒரு விஷயம் நடந்தது.

அவர் கை மெதுவாகக் கேமராவைக் குனிய வைத்தது.

அவர் நிமிர்த்தினார். கை மறுபடி குனிய வைத்தது. சரியாகப் பிடி என்று கையைத் திட்டினார். மின்வாரியத்தில் எத்தனையோ பேரைத் திட்டியவர். சொந்தக் கையைத் திட்டியது அதுதான் முதல் தடவை. கை கேட்கவில்லை. மறுநாளும் அதே இடத்துக்கு வந்ததும் அதே குனிவு. இடதும் இல்லை, வலதும் இல்லை. குனிவு மட்டும்.

வேறு எந்தப் பக்கமும் அது போக ஆசைப்படவில்லை.

*

ஒரு வெள்ளிக்கிழமை தங்கபுஷ்பம் கூட வந்தாள். பூஜைக்குத் தாமரை வேண்டும் என்றாள். தினமும் விடியுமுன் இவர் எங்கே போகிறார் என்று பார்க்கவும் வேண்டியிருந்தது. அதைச் சொல்லவில்லை.

தண்ணீர் இப்போது நாலு பாய் விரிக்கிற அளவுதான் திறந்திருந்தது. அதற்குள் தாடகை கிடந்தாள். நெற்றி இருட்டாக இருந்தது. மூக்கு நுனியில் மட்டும் வெளிச்சம்.

“என்னத்தைக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கிறீய?” என்றாள் தங்கபுஷ்பம்.

அவர் கை குனிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவர் தடுக்கவில்லை. போ என்று விட்டார். கை போனது. மேலே இருந்த மலையின் நெற்றி சட்டத்தை விட்டுப் போனது. அப்புறம் மூக்கு போனது. அப்புறம் முழு மலையும் போனது. அப்புறம் கரையும் போனது. அங்கே போய்க் கை நின்றது.

நின்ற கை அசையவே இல்லை. எந்தத் திருகும் அப்படி இறுக்காது.

அவருக்கே திக்கென்றது. மலையை எடுக்கச் சொன்னார்கள். மலை இல்லை.

பூக்காரரின் டியூப் போன வழியில் தண்ணீர் நெளிந்தது. தாடகையின் முகம் துண்டு துண்டாக உடைந்தது. முன்பென்றால் அவர் அடுத்த படத்துக்குப் போயிருப்பார். இன்று காத்திருந்தார். நெளிவு அகன்று, அகன்று, இலைக்கடியில் போய் ஒடுங்கியது. முகவாய் முதலில் கூடியது. பிறகு மூக்கு. கடைசியாக நெற்றி.

தங்கபுஷ்பம் அவர் தலையை மட்டும் தள்ளச் சொல்லிவிட்டு, குனிந்து, அவர் கைக்கு மேலே தன் கையையும் வைத்துக்கொண்டு கேமராவுக்குள் பார்த்தாள்.

அவள் வாய் திறக்க நேரமாயிற்று. அது வழக்கமில்லை.

“இதுல ஒண்ணும் இல்ல” என்றாள். “நல்லாருக்கு.”

அவர் பொத்தானை அழுத்தினார். ஒரு தடவை.

மறுபடி மாடியில் காயும் நாலு ஹெட்டையும் அன்று அவர் நினைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ரசவடை வாங்கிச் சாப்பிட்டார்கள். அவள் தாமரையை மறந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, அதற்கும் அவரைத்தான் திட்டினாள்.

*

அடுத்த மழையில் இலை மூடிவிட்டது. குளம் முழுக்கப் பச்சை. தண்ணீர் இருந்த இடமே தெரியவில்லை.

சனிக்கிழமை எல்லோரும் வருவதற்கு முன்பே சுயம்புலிங்கம் பிரிஸ்கா வீட்டுக்கு வந்தார். வத்தல் காய்ந்து டப்பாவுக்குப் போயிருந்தது. ஒரு தட்டில் பொரித்தும் வைத்திருந்தாள். மேஜைமேல் நாலு ஹெட்டும் துடைத்து வரிசையாக இருந்தன.

“எடுத்துக்கிடுங்க” என்றாள்.

அவர் கை நேரே கைப்பிடி ஹெட்டுக்குப் போனது. ஸ்டாண்டோடு வந்தது. கல்யாண வீட்டு வீடியோக்காரர்களுடையது போன்றது.

பிரிஸ்கா அவரைப் பார்த்தாள்.

அவர் ஹெட்டை மேஜையில் வைத்து, அந்த நீளக் கைப்பிடியைப் பிடித்து, மெதுவாக ஒரு குனிவு குனிய வைத்தார். ஒரு நூல்கூட ஆடாமல் அங்கேயே நின்றது. கையை எடுத்துக் காட்டினார்.

“என் கைக்கு இந்தக் குனிவு ஒண்ணுதான் தெரியும் டீச்சர்.”

மற்ற மூன்றும் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். சனிக்கிழமைக்காரர்கள் யாருக்கு எது சரிப்படுமோ கொடுங்கள் என்றார். ஊஞ்சலை யாருக்கும் கொடுக்க வேண்டாம், அது வத்தலுக்கு நன்றாக இருக்கிறது என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். அவளிடம் அவர் அதைப் பார்த்ததில்லை.

அப்புறம் அவள் கையை நீட்டினாள்.

“படம்?”

சுயம்புலிங்கம் தட்டிலிருந்து ஒரு வத்தலை எடுத்தவர் அப்படியே நின்றார்.

படத்தைக் கொண்டுவரவில்லை.

பிரிண்ட் போட்டாயிற்று. கண்ணாடிச் சட்டமும் போட்டாயிற்று. தங்கபுஷ்பம் கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டாள். காலையில் கழற்றப் போனால், ஏற்றியதை இறக்க மாட்டேன், வேண்டுமென்றால் டீச்சர் வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டாள். சரிதானே என்று இவரும் புறப்பட்டு வந்துவிட்டார்.

இன்னொரு பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருக்கலாமே என்றாள் பிரிஸ்கா. ஆமாம், போட்டிருக்கலாம் என்றார். அந்த யோசனையே அவருக்கு வரவில்லை. கெடு இன்றைக்குத்தான் முடிகிறது என்பதும் இப்போது அவள் நீட்டிய கையைப் பார்த்துத்தான் ஞாபகம் வந்தது.

இலை மூடிவிட்டது. கையில் படம் இல்லை. சொன்ன பேச்சின்படி பார்த்தால் இதோடு சனிக்கிழமை முடிந்தது.

பிரிஸ்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வத்தலைக் கடித்தார். உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

அவள் உள்ளே போனாள். பையும் குடையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“வண்டியை எடுங்க” என்றாள்.

*

நாகர்கோவில் வரைக்கும் பிரிஸ்கா குடையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. வாசற்படியில் நின்றால் நேர் எதிர்ச்சுவரில் படம் தெரியும். தங்கபுஷ்பம் இடம் பார்த்துத்தான் மாட்டியிருந்தாள்.

பிரிஸ்கா படியில் செருப்போடு நின்றுவிட்டாள்.

உள்ளே வாருங்கள், உட்காருங்கள், காபி போடட்டுமா என்று தங்கபுஷ்பம் கேட்டது அவள் காதில் விழுந்த மாதிரி இல்லை.

கறுத்த தண்ணீர். அதில் தலைகீழாக ஒரு நெற்றி, ஒரு மூக்கு, ஒரு முகவாய். ஓரத்தில் தாமரை இலை. மேலே வானம் இல்லை, கரை இல்லை, மலை இல்லை.

அந்தக் குளத்தில் வந்து நின்றவர்கள் எல்லோரும் மேலே ஒரு மலையும் கீழே ஒரு மலையுமாகத்தான் எடுத்தார்கள். பிரிஸ்காவும் அப்படித்தான் எடுத்தாள். அப்படித்தான் எடுக்கச் சொல்லியும் கொடுத்தாள்.

வெகுநேரம் பார்த்தாள். தெருவில் மீன்காரம்மாள் கூவிக்கொண்டு போனாள். குக்கர் விசில் அடித்தது. தங்கபுஷ்பம் அதை நிறுத்தப் போகவில்லை.

“மலை எங்க அண்ணாச்சி?” என்றாள் பிரிஸ்கா.

சுயம்புலிங்கம் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். பயம் வரும் என்று ஒரு கணம் பார்த்தார். வரவில்லை.

“அது அங்கேயேதான் இருக்கு டீச்சர்.”

பிரிஸ்கா செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து, நாற்காலியைப் படத்துக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.